ஆப்பிரிக்கா: இணையத்தைத் துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு?

2019ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், சூடான் தலைநகர் கார்ட்டூமில் தமது கைத்தொலைபேசியில் இணையத்தைப் பயன்படுத்த முடிந்த சாதாரணக் குடிமகன் அநேகமாக ஒருவர் மட்டுமே. அவர் ஒரு வழக்கறிஞர்.

அம்மாதம் 3ஆம் தேதி, ராணுவத் தலைமையகத்துக்கு வெளியே அமர்ந்து ஜனநாயகம் கோரிப் போராடிக்கொண்டிருந்தவர்கள் மீது படையினர் தாக்குதல் நடத்தினர். நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டதாக அந்நாட்டின் மருத்துவர்கள் அமைப்பு கூறியது. அதையடுத்து நாடெங்கும் கைத்தொலைபேசி வழியான இணையச் சேவை நிறுத்தப்பட்டது. இணையம் தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாக இருக்கிறது என்பது அப்போது ஆட்சியிலிருந்த ராணுவ சபை தந்த விளக்கம்.

அந்த வழக்கறிஞர் தமக்குச் சேவை வழங்கிவந்த ஸெயின் சூடான் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஜூன் 23ஆம் தேதி தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. நிறுவனமும் அத்தீர்ப்பை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது. வழக்கைத் தனிநபர் என்ற முறையில் அவர் தொடுத்திருந்ததால், அவருடைய இணைப்புக்கு மட்டும் இணையம் திரும்பக் கிடைத்தது. நாட்டின் ஏனைய மக்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் மீண்டும் நீதிமன்றப் படியேறினார். ஜூலை 9ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட உத்தரவுக்குப் பின்னரே மற்றவர்களுக்கும் சேவை திரும்பியது.

கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இச்சம்பவம், ஆப்பிரிக்காவில் கடந்த பத்தாண்டு காலமாக நடந்துவரும் ஒரு சட்டப் போராட்டத்தின் தன்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. பல நாடுகளில் மக்கள் வழக்காடி வென்றிருக்கிறார்கள். ஆனால் வென்றது என்ன என்று பார்த்தால், அது பெரும்பாலும் குறுகிய எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. தீர்ப்பு வருவதற்குள் துண்டிப்பின் நோக்கமும் நிறைவேறிவிடுகிறது.

93 நாட்கள்

இந்தப் போராட்டம் உலகின் கவனத்தை ஈர்த்தது 2017ஆம் ஆண்டில் கேமரூனில்தான். அந்நாட்டின் வடமேற்கு, தென்மேற்கு மாகாணங்களில் ஆங்கிலம் பேசும் சிறுபான்மையினர் வாழ்கின்றனர். நீதிமன்றங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பிரெஞ்சு மொழி திணிக்கப்படுவதாகக் கூறி வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் 2016ஆம் ஆண்டின் இறுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சமூக வலைத்தளங்களில் ஆதாரமற்ற செய்திகளைப் பரப்புவோர் சிறை செல்ல நேரும் என்று கைத்தொலைபேசிகளுக்கு அரசின் குறுந்தகவல்கள் வந்தன. பின்னர், 2017 ஜனவரி 17ஆம் தேதி, இவ்விரு மாகாணங்களில் மட்டும் இணையம் நின்றுபோனது. பிரெஞ்சு பேசும் பகுதிகளில் அது வழக்கம்போல் இயங்கியது.

ஒரு நாட்டின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் இருளில் ஆழ்த்துவது எப்படிச் சாத்தியமாகிறது? கேமரூனில் இணையத்தைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழைக் கம்பிவடங்கள் அரசு நிறுவனமான காம்டெல் வசம் இருக்கின்றன. தனியார் தொலைபேசி நிறுவனங்கள் அதனிடமிருந்தே கொள்திறனை வாடகைக்குப் பெறுகின்றன. அந்த ஒரு மதகை மூடினால் வாய்க்கால்கள் அனைத்தும் வறண்டுவிடும்.

தென்மேற்கு மாகாணத் தலைநகரான புயியாவில் இளம் கணினி வல்லுநர்கள் பலர் சிறு நிறுவனங்களைத் தொடங்கியிருந்தனர். மலையடிவாரத்தில் இருக்கும் அந்நகருக்கு 'சிலிக்கான் மவுண்டன்' என்ற செல்லப்பெயரும் உண்டு. வாடிக்கையாளர்களை இழக்க விரும்பாத இவர்கள், மடிக்கணினிகளைச் சுமந்துகொண்டு சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டுவாலா நகருக்குப் போய்வந்தனர். பயணச் செலவு கட்டுப்படியாகாத நிலையில், பிரெஞ்சு பேசும் பகுதியின் எல்லையை ஒட்டிய பொனாகோ என்ற கிராமத்தில் ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து, அங்கு எட்டும் அலைவரிசையைக் கொண்டு வேலை செய்தனர். அதற்கு அவர்களே சூட்டிய பெயர் 'இணைய அகதி முகாம்'.

வடமேற்கிலுள்ள பாமெண்டாவைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர், கூகுள் நிறுவனம் மாணவர்களுக்கு நடத்திய நிரல் எழுதும் போட்டியில் அந்த ஆண்டு வெற்றிபெற்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அப்பரிசை வென்ற முதல் மாணவர் அவர். போட்டிக்கான வேலைகளை அவர் அனுப்பி முடித்த சமயத்திலேயே அவரது ஊரில் இணையம் துண்டிக்கப்பட்டது.

ஏப்ரல் 20ஆம் தேதி, 93 நாட்களுக்குப் பின்னர், சேவை மீட்கப்பட்டது. மீட்டது நீதிமன்றமல்ல, அதிபரின் உத்தரவு. எந்தக் கையால் மூடப்பட்டதோ அந்தக் கையாலேயே திறக்கப்பட்டது. அவ்விரு மாகாணங்களின் நெருக்கடியோ அதனால் தணியவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் அது ஆயுத மோதலாக உருவெடுத்தது.

யார் கையொப்பமிட்டது?

நீதிமன்றத்தின் வாயிலாகக் கிடைத்த பலனுக்கும் அதன் வரம்புக்கும் சிறந்த எடுத்துக்காட்டு ஜிம்பாப்வே. 2019 ஜனவரியில் எரிபொருள் விலை ஒரே நாளில் இரு மடங்குக்கும் மேலாக உயர்த்தப்பட்டதை அடுத்துப் போராட்டங்கள் வெடித்தன. இணையச் சேவையை நிறுத்துமாறு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவு போனது.

இத்தகைய உத்தரவுகள் பொதுவாக வெளியே தெரிவதில்லை. ஆனால் நாட்டின் மிகப்பெரிய நிறுவனமான எக்கோநெட், உத்தரவு வந்த விவரத்தைத் தனது வாடிக்கையாளர்களிடம் பகிரங்கமாகத் தெரிவித்தது. அதற்குக் கீழ்ப்படியாவிட்டால் உள்ளூரில் பணியாற்றும் நிர்வாகிகள் சிறை செல்ல நேரிடும் என்றும் கூறியது. உத்தரவில் கையொப்பமிட்டிருந்தவர் தேசப் பாதுகாப்புத் துறை அமைச்சர்.

மனித உரிமைகளுக்கான வழக்கறிஞர்கள் அமைப்பும், ஊடக சுதந்திரத்துக்காகப் பாடுபடும் மீசா அமைப்பும் உயர் நீதிமன்றத்தை நாடின. ஜனவரி 21ஆம் தேதி வந்த தீர்ப்பு, அவ்வமைச்சருக்கு அப்படி உத்தரவிட அதிகாரமே இல்லை என்றது. தகவல் தொடர்பு இடைமறிப்புச் சட்டத்தை நிர்வகிக்கும் பொறுப்பை அதிபர் அவரிடம் ஒப்படைத்திருக்கவில்லை என்பதே காரணம். உத்தரவு செல்லாது என்றாகி, சேவைகள் திரும்பின.

இத்தீர்ப்பைச் சற்று உற்றுநோக்க வேண்டும். மக்களின் கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டதா என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. தவறான நபர் கையொப்பமிட்டார் என்று மட்டுமே சொன்னது. சரியான நபர் கையொப்பமிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது திறந்தே கிடக்கிறது.

அந்த நாட்களில் ஜிம்பாப்வே மக்கள் இழந்தது செய்தியை மட்டுமல்ல. ரொக்கப் பணத் தட்டுப்பாடு நிலவிய அந்நாட்டில் ரொட்டி வாங்குவதிலிருந்து பேருந்துக் கட்டணம் வரை கைத்தொலைபேசிப் பணப்பரிமாற்றம் வழியாகவே பலர் செலுத்திவந்தனர். வீட்டு மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டி எண் பெறுவதும் அவ்வாறே. இணையம் நின்றபோது கையில் ரொக்கம் இல்லாதவர்களின் அடுப்பும் விளக்கும் சேர்ந்தே நின்றன. வங்கிக் கிளைகளும் மாற்று வழிகளும் உள்ள செல்வந்த நாடுகளில் இணையத் துண்டிப்பு பெரும் தொல்லை. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலோ கைத்தொலைபேசியே வங்கியும் பணப்பையும் ஆகும்.

மேற்கில் திறந்த ஒரு கதவு

உள்நாட்டு நீதிமன்றங்களை நம்ப இயலாதவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு வழி இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதார சமூகமான எக்கோவாஸின் நீதிமன்றம் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் இயங்குகிறது. மனித உரிமை மீறல் குறித்துத் தனிநபர்கள், உள்நாட்டு நீதிமன்றங்கள் அனைத்தையும் ஏறியிறங்கி முடிக்காமலேயே, நேரடியாக அங்கு முறையிடலாம்.

டோகோவில் 2017 செப்டம்பரில் ஒரே குடும்பத்தின் நெடுங்கால ஆட்சிக்கு எதிராகப் பெரும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தபோது இணையம் துண்டிக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் சிலவும் பத்திரிகையாளர் ஒருவரும் தொடுத்த வழக்கில் 2020 ஜூன் 25ஆம் தேதி அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையம் என்பது தன்னளவில் அடிப்படை உரிமை அல்லவென்றாலும், கருத்துச் சுதந்திரம் என்ற உரிமையைப் பயன்படுத்தத் தேவையான வழித்துணை உரிமை என்று அது கூறியது. துண்டிப்பை அனுமதிக்கும் சட்டம் எதையும் டோகோ அரசு காட்டவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு 20 லட்சம் சிஎஃப்ஏ பிராங்க் இழப்பீடு வழங்குமாறு உத்தரவிடப்பட்டது. சில நாள் துண்டிப்புக்கான நியாயம் கிடைக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடித்தன.

அடுத்து நைஜீரியா. அதிபர் முகம்மது புஹாரியின் பதிவு ஒன்றை நீக்கியதைத் தொடர்ந்து 2021 ஜூன் மாதம் ட்விட்டர் அந்நாட்டில் முடக்கப்பட்டது. 2022 ஜனவரி 13ஆம் தேதி வரை, ஏழு மாதங்களுக்கும் மேலாக, தடை நீடித்தது. தடை விலகி ஆறு மாதங்கள் கழிந்த பிறகு, அது சட்டவிரோதமானது என்று 2022 ஜூலை 14ஆம் தேதி எக்கோவாஸ் நீதிமன்றம் கூறியது. இதில் முரண் என்னவென்றால், குடிமக்களின் இணைய உரிமைகளை வரையறுக்கும் சட்ட முன்வடிவு ஒன்றை நைஜீரிய நாடாளுமன்றம் முன்னரே நிறைவேற்றியிருந்தது. பல துறைகளை அளவுக்கு மீறி உள்ளடக்குகிறது என்று காரணம் கூறி, அதற்கு ஒப்புதல் தர 2019இல் மறுத்தவரும் புஹாரியே.

இவற்றோடு ஒப்பிடுகையில் தெற்கே ஸாம்பியாவில் எட்டப்பட்ட முடிவு அடக்கமானது, ஆனால் பயனுள்ளது. 2021 ஆகஸ்ட் தேர்தலின்போது அங்கு சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. தொண்டு நிறுவனம் ஒன்று உடனடியாக உயர் நீதிமன்றம் சென்று தடையை நீக்கும் உத்தரவைப் பெற்றது. வழக்கு அத்துடன் முடியவில்லை. 2022 மார்ச்சில் ஏற்பட்ட சமரசத் தீர்ப்பில், இனி இணையச் சேவையில் தடங்கல் ஏற்பட்டால் அதன் காரணத்தை 36 மணி நேரத்துக்குள் பொதுமக்களுக்கு அறிவிப்பதாகத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பு ஒப்புக்கொண்டது. யார் உத்தரவிட்டது என்பதே தெரியாமல் மக்கள் தவிக்கும் கண்டத்தில் இது சிறிய விடயமல்ல.

வம்பளப்புக்கு வரி

மதகை மூடாமலேயே மக்களை விலக்கிவைக்கவும் வழி உண்டு. சமூக வலைத்தளங்களில் நடக்கும் வம்பளப்பு குறித்து உகாண்டா அதிபர் யோவேரி முசேவேனி 2018இல் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றைப் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி விதிக்கப்பட்டது. தொகை சிறியதுதான். ஆனால் கிராமத்தில் காய்கறி விற்கும் பெண்ணுக்கு அது தினந்தோறும் எழும் கேள்வி. அடுத்து வந்த மாதங்களிலேயே இணையச் சந்தாதாரர்களின் எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் அதிகமாகக் குறைந்ததை ஒழுங்காற்று அமைப்பின் புள்ளிவிவரங்களே காட்டின. 2021இல் அவ்வரி கைவிடப்பட்டு, இணையத் தரவு மீது 12 சதவீத வரி கொண்டுவரப்பட்டது.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கர்களில் 38 சதவீதத்தினரே இணையத்தைப் பயன்படுத்தினர். உலக அளவில் அது 68 சதவீதம்.

அருஷாவின் இரு நீதிமன்றங்கள்

கண்டம் தழுவிய விதிகள் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்க மனித உரிமைகள் ஆணையம் 2019இல் வெளியிட்ட பிரகடனத்தின் 38ஆவது கோட்பாடு, இணையத்தை அரசுகள் துண்டிக்கக் கூடாது என்கிறது. தேர்தல் காலத் துண்டிப்புகளுக்கு எதிராக 2024இல் ஒரு தனித் தீர்மானமும் நிறைவேற்றப்பட்டது. ஆணையத்தின் சொல்லை அரசுகள் கேட்காவிட்டால் எங்கு போவது என்பதே பிரச்சினை.

தான்சானியாவின் அருஷா நகரில் மனித உரிமைகளுக்கான ஆப்பிரிக்க நீதிமன்றம் இருக்கிறது. குடிமக்கள் அதனிடம் நேரடியாகச் செல்ல, அவர்களது நாடு அதற்கான ஒப்புதலைத் தனியே பிரகடனம் செய்திருக்க வேண்டும். அந்நீதிமன்றத்துக்கு இடமளித்துள்ள தான்சானியாவே அந்த ஒப்புதலை 2019 நவம்பரில் விலக்கிக்கொண்டது. ருவாண்டா, பெனின், ஐவரி கோஸ்ட் ஆகியவையும் விலகியுள்ளன. அதே நகரிலுள்ள கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் சம்பவம் நடந்த இரண்டு மாதங்களுக்குள் தொடுத்தாக வேண்டும். 2025 அக்டோபர் 29ஆம் தேதி தான்சானியாவில் தேர்தல் நடந்த அன்று, வன்முறைக்கு நடுவே நாடெங்கும் இணையம் நிறுத்தப்பட்டுப் பல நாட்கள் நீடித்தபோது, குடிமக்களின் முன் இருந்தவை இந்தக் குறுகிய வழிகளே.

மேற்கிலும் கதவு ஒருக்களிக்கிறது. ராணுவ ஆட்சி நடக்கும் மாலி, புர்கினா ஃபாஸோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரி 29ஆம் தேதி எக்கோவாஸிலிருந்து வெளியேறின.

மீண்டும் கார்ட்டூம்

சூடானில் 2021 அக்டோபர் ராணுவப் புரட்சியின்போதும் இணையம் துண்டிக்கப்பட்டது. அம்முறையும் நீதிமன்றம் தலையிட்டது. 2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் எனப்படும் துணை ராணுவப் படைக்கும் இடையே போர் மூண்ட பிறகு நிலைமை வேறாகிவிட்டது. 2024 பிப்ரவரி முதல் வாரத்தில் நாட்டின் முக்கியத் தொலைபேசி நிறுவனங்களின் சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. கார்ட்டூமில் இருந்த தகவல் மையங்களை ஆர்எஸ்எஃப் படையினர் கைப்பற்றி அணைத்துவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அங்கு கையொப்பமிட்ட உத்தரவு ஏதும் இல்லை, அதை எதிர்த்து வழக்காட நீதிமன்றமும் இயங்கவில்லை.

தலைநகரில் சிக்கிக்கொண்ட மக்களுக்குச் சமைத்துப் போட்ட பொதுச் சமையற்கூடங்கள், வெளிநாடுகளில் வாழும் சூடானியர்கள் கைத்தொலைபேசிச் செயலி மூலம் அனுப்பிய பணத்தைக் கொண்டே நடந்துவந்தன. இணையம் நின்றதும் அவற்றில் பல மூடப்பட்டன. செயற்கைக்கோள் வழி இணையக் கருவி வைத்திருந்த கடைகளில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி, உறவினர் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க மக்கள் வரிசையில் நின்றனர்.