சுவாதிலேகா சென்குப்தா: மேடையை விட்டு விலகாத 'பிமலா'

கொல்கத்தாவின் நாடக மேடையிலும் வங்கத் திரையிலும் தடம் பதித்த நடிகை சுவாதிலேகா சென்குப்தா, 1950 மே 22 அன்று அலகாபாத்தில் பிறந்தார். ஆங்கில இலக்கியம் பயின்ற இவர், மேற்கத்திய இசையிலும் பயிற்சி பெற்றவர். அலகாபாத் மேடைகளில் நடித்து வந்த இவர், கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து 1978ஆம் ஆண்டு 'நந்திகர்' நாடகக் குழுவில் இணைந்தார். குழுவின் தலைவர் ருத்ரபிரசாத் சென்குப்தாவை மணந்தார். இவர்களின் மகள் சோஹினியும் நடிகை.

தாகூரின் நாவலைத் தழுவி சத்யஜித் ரே இயக்கிய 'கரே பாய்ரே' (1984) திரைப்படத்தில், கணவருக்கும் சுதேசி இயக்கத் தலைவருக்கும் இடையே தத்தளிக்கும் பிமலாவாக நடித்தார். சௌமித்ர சட்டர்ஜி, விக்டர் பானர்ஜி உடன் நடித்தனர். கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் அப்படம் இடம்பெற்றது.

அந்தப் புகழுக்குப் பின்னரும் இவர் மேடையையே தமது களமாகக் கொண்டார். நடிப்புடன் நாடகங்களுக்கு இசையமைப்பும் மேற்கொண்டார். 'ஷானு ராய்சௌத்ரி' நாடகத்தில் தனியொருவராக நடித்தார். 2011ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது இவரது மேடைப் பணிக்குக் கிடைத்த அங்கீகாரமாகும்.

சௌமித்ரவுடன் மீண்டும் திரையில் இணைய 31 ஆண்டுகள் ஆயின. 2015இல் வெளியான 'பேலா சேஷே' படத்தில் இருவரும் முதிய தம்பதியராக நடித்தனர். தொடர்ந்து 'பேலா ஷுரு' படத்திலும் நடித்தனர். 2020 நவம்பரில் சௌமித்ர காலமானார். சிறுநீரகக் கோளாறால் பாதிக்கப்பட்டிருந்த சுவாதிலேகா, 2021 ஜூன் 16 அன்று கொல்கத்தாவில் தமது 71ஆவது வயதில் மறைந்தார். 2022 மே மாதம் அப்படம் திரைக்கு வந்தபோது இருவருமே உயிருடன் இல்லை.