கோவின் சொன்ன பாடம்



2021 ஜனவரி 16 அன்று தொடங்கிய கொரோனா தடுப்பூசித் திட்டத்தின் பதிவேடு, கோவின் இணையதளம். மே 1 முதல் 18–44 வயதினருக்கு இணைய முன்பதிவு கட்டாயமானது. ஜூன் தொடக்கத்தில் தளத்தில் இந்தியும் சில மாநில மொழிகளும் சேர்ந்தன. தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பிறகே வந்தது.

மொழி வந்தாலும் ஓடிபி வரக் கைபேசி வேண்டுமே? வீட்டுக்கு ஒரே போன், அதுவும் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர் கையில் என்றால்? மே 24 முதல் அரசு மையங்களிலும், ஜூன் 21 முதல் தனியார் மையங்களிலும் நேரில் பதியலாம் என்ற பிறகே வழி பிறந்தது.

பதிவேடு கணினியில் இருக்கட்டும். வாசலில் எழுதித் தர ஓர் ஆள் வேண்டும்.

இப்போது 14 இலக்க ஆபா எண் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு, அவர் கைபேசியிலேயே, அவர் முன்னிலையில் பதிந்து கொடுங்கள்.