திருநல்லத்துக் கல்லுருவங்கள்

மயிலாடுதுறையை அடுத்த கோனேரிராசபுரமே தேவாரப் பாடல் பெற்ற திருநல்லம் ஆகும். கி.பி. 10ஆம் நூற்றாண்டில், உத்தம சோழர் ஆட்சியில், அவர்தம் அன்னையார் செம்பியன் மாதேவியார் மறைந்த தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் இத்தலத்தில் கற்றளி எழுப்பினார்.

அதன் சுவரில் கண்டராதித்தரின் உருவம் புடைப்புச் சிற்பமாக உள்ளது. தில்லைக்குத் திருவிசைப்பா பாடிய அம்மன்னர், போர்க்கோலத்தில் அன்றி, சிவலிங்கத்தை வழிபடும் அடியாராகவே காட்சி தருகிறார். முகச்சாயலினும் பக்தியே அங்குப் பெரிதாயிற்று. அவர் இன்னார் என்று உரைப்பது உடன் பொறித்த கல்வெட்டே ஆகும்.

அப்பெருமை அரசருக்கு மட்டும் உரியதன்று. தேவியாரின் ஆணைப்படி கோயிலைக் கட்டுவித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனின் உருவமும் பெயரும் அங்கே இடம்பெற்றுள்ளன. பணி செய்தவரை மறவாமையும் சிவத்தொண்டு எனக் கருதிய காலம் அது.

இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்களில், பால்மரம் சீவிப் பெற்ற கூலியில் மிச்சம் பிடித்து ஆலயம் எழுப்பிய முன்னோர் பலருக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. இல்லந்தோறும் எஞ்சியிருப்பவை பழைய நிழற்படங்களே. பெயர் எழுதப்படாத படம் அடுத்த தலைமுறைக்கு ஊமையாகிவிடும். அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே அவற்றின் பின்புறம் பெயரும் தோட்டமும் ஆண்டும் எழுதி வைத்தல் மெய்யன்பர்களின் கடமை. அதுவும் ஒரு திருப்பணியே.