பெங்களூரில் பிரெஞ்சுப் பட்டக்கல்வியும் மொழிபெயர்ப்பும்

பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 1964இல் நிறுவப்பெற்றது. அதன் இளநிலைப் பட்டப்படிப்புகளில் ஆங்கிலத்துடன் பிறிதொரு மொழியும் பயிலப்பட்டது. கன்னடம், தமிழ், சமஸ்கிருதம் முதலியன நின்ற அவ்விடத்திலேயே பிரெஞ்சும் அமைந்தது. ஆகவே, பிரெஞ்சைத் தேர்ந்த மாணவர் தம் தாய்மொழிப் பாடத்தை இழக்க நேர்ந்தது. பட்டப்படிப்பில் கன்னடத்தைக் கட்டாயமாக்கிய 2021ஆம் ஆண்டு அரசாணையை வலியுறுத்தலாகாது எனக் கருநாடக உயர்நீதிமன்றம் 2022இல் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வழக்கின் மையமும் தேர்வுரிமையே. மொழிபெயர்ப்புக்கோ இருமொழிப் புலமையும் இன்றியமையாதது. ஆல்பெர் காம்யுவின் புதினத்தை 'அந்நியன்' என 1980இல் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கிய வெ. ஸ்ரீராம் அம்மொழியைக் கற்றது பட்ட வகுப்பில் அன்று. சென்னை அலியான்ஸ் பிரான்சேஸில். பிரெஞ்சும் தாய்மொழியும் ஒன்றற்கொன்று மாற்றாகாமல் இணையாகப் பயிலப்படும் பாடத்திட்டமே மொழிபெயர்ப்பாளரை உருவாக்க வல்லது.