காற்று எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு: கலவையை யார் முடிவு பண்றது?

இன்னைக்கு நாம பேசப்போற பொருள், உள்ளங்கையில் அடங்குற ஒரு சின்னக் கருப்புப் பெட்டி. புல்லட் மாதிரி வண்டிகளில் சீட்டுக்குக் கீழே ஒளிஞ்சிருக்கும். நாலைந்து ஒயர் வெளியே வரும். இதை மாட்டினா இன்ஜின் சூடு குறையும், இழுவை கூடும், மெதுவா போகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்காது அப்படின்னு சொல்லி விக்கிறாங்க. ஃபியூல் கன்ட்ரோலர்னு ஒரு பேர், பிக்கிபேக்னு இன்னொரு பேர்.

பெட்டி புதுசுதான். ஆனா அது தீர்க்க வர்ற வழக்கு ரொம்பப் பழசு. இன்ஜினுக்குள்ளே போற காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்கணும்னு யார் முடிவு பண்றது? ஓட்டுறவரா, மெக்கானிக்கா, கம்பெனியா, அரசாங்கமா? இந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் காஞ்சிபுரத்தில் நின்னுக்கிட்டுப் பார்க்கப்போறோம். ஏன் காஞ்சிபுரம்னு போகப்போகப் புரியும்.

முதல்ல அடிப்படைக் கணக்கு. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாம எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேணும். பெட்ரோல் அதிகமானா அது ‘ரிச்’, குறைஞ்சா ‘லீன்’. வேகமும் இழுவையும் உச்சத்தில் கிடைக்கிறது கொஞ்சம் ரிச்சான இடத்தில், அதாவது 12.5, 13 பக்கம். மைலேஜ் நல்லா கிடைக்கிறது 14.7-க்குக் கொஞ்சம் மேலே, லீன் பக்கம். ஆக எல்லாத்துக்கும் பொருந்துற ஒரே அளவுன்னு ஒண்ணு கிடையாது. சண்டை இங்கேதான் ஆரம்பிக்குது.

ஆரம்பகால மோட்டார்சைக்கிளில் இந்த முடிவு ஓட்டுறவர் கையில்தான் இருந்துச்சு, அதுவும் நிஜமாவே கையில். ஹேண்டில்பாரில் ரெண்டு நெம்புகோல் இருக்கும். ஒண்ணு த்ராட்டில், இன்னொண்ணு காற்று. மேடு ஏறும்போது, இன்ஜின் சூடாகும்போது, ஓட்டுறவரே காற்றைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டே போகணும். கார்புரேட்டர் தானே சமாளிக்கக் கத்துக்கிட்ட பிறகு அந்த ரெண்டாவது நெம்புகோல் மெல்ல மறைஞ்சுபோச்சு. பர்மிங்ஹாம் ஏமல் கம்பெனி 1955-ல் கொண்டுவந்த மோனோபிளாக் அந்த வழியில் வந்த கார்புரேட்டர். இங்கிலாந்து புல்லட்டில் இருந்தது அதுதான். அதே 1955-ல்தான் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்குச்சு. பிறகு திருவொற்றியூர் ஆலை வந்துச்சு.

நெம்புகோல் போனதும் அதிகாரம் மெக்கானிக் கைக்கு மாறுச்சு. கார்புரேட்டருக்குள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கக் காஞ்சிபுரத்தில் ஒரு சவாரியைக் கற்பனை பண்ணுங்க. பிள்ளையார்பாளையத்துத் தெருவில், தறிச் சத்தத்துக்கு நடுவுல, வண்டி ஊர்ந்து போகுது. அப்ப பெட்ரோல் கொடுக்கிறது ஸ்லோ ஜெட் மட்டும்தான். அதோட அளவைத் திருத்துறது ஏர் ஸ்க்ரூ. காந்தி ரோட்டில் பட்டுக்கடைக் கூட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்தா நீடில் வேலைக்கு வரும். அதோட க்ளிப்பை ஒரு படி ஏத்தினா, இறக்கினா கலவை மாறும். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி முழுசா முறுக்கினா மெயின் ஜெட். அதை மாத்தணும்னா வேற நம்பர் ஜெட் வாங்கிப் போடணும்.

இது எல்லாத்தையும் மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு காது, ஒரு ஸ்பார்க் பிளக் வச்சே பண்ணிடுவார். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா கரி மாதிரி கருப்பா இருந்தா ரிச். வெள்ளையா வெளிறி இருந்தா லீன். பிஸ்கட் நிறம்னா சரி. சாயம் போடுறவர் பட்டுநூலை வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்துத் தீர்ப்பு சொல்ற மாதிரிதான் இதுவும்.

இப்போ காஞ்சிபுரம் ஏன்னு சொல்றேன். 1985-ல் தொடங்கின யூகால் ஃபியூல் சிஸ்டம்ஸ், ஜப்பான் மிக்குனியோட தொழில்நுட்பத்தை வச்சு மறைமலைநகரில் கார்புரேட்டர் செஞ்சுது. பல வருஷம் புல்லட்டில் இருந்த ‘மிக்கார்ப்’ அவங்களோடதுதான். ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்தில் பெரிய ஆலையைத் திறந்துச்சு. அடுத்து வல்லம் வடகாலில் இன்னொண்ணு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் தனியாப் பிரியிற வரைக்கும் இந்த மூணு இடமும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன மாவட்டம், கலவை சமாசாரத்திலும் ஒரு தலைநகரம்னு சொன்னா மிகையில்லை.

மெக்கானிக் கையிலிருந்து அதிகாரத்தைப் பிடுங்கினது புகைக் கட்டுப்பாடு. அமெரிக்காவில் 1978 மாடல் மோட்டார்சைக்கிள்களிலிருந்து விதி வந்ததும், கலவை ஸ்க்ரூவை யாரும் தொடக்கூடாதுன்னு அதுமேல மூடி போட்டு அடைச்சாங்க. அந்த மூடியைத் துளைச்சு எடுக்கிறதும், ஜெட் கிட் விக்கிறதும் அங்கே ஒரு தனித் தொழிலாவே வளர்ந்துச்சு. இந்தியாவில் 1991-ல் முதல் விதிகள் வந்தன. 2000-லிருந்து படிப்படியா இறுகிச்சு. அந்தச் சமயத்தில் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனம் புல்லட்டுக்காக வடிவமைச்சுக் கொடுத்த அலுமினிய இன்ஜினுக்குப் பேரே ‘லீன் பர்ன்’. பேரைப் பார்த்தாலே காலம் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்.

2009-ல் கிளாசிக் 500 ஃபியூல் இன்ஜெக்‌ஷனோட வந்துச்சு. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 அமலானதும் புது வண்டிகளில் கார்புரேட்டர் கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு. புல்லட் மட்டும் இல்லீங்க, டிவிஎஸ் எக்ஸ்எல் 100-லயே இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு.

இன்ஜெக்‌ஷன்ல கலவை எங்கே இருக்கு? இசியூங்கிற கம்ப்யூட்டருக்குள்ளே, ஒரு அட்டவணையா. இன்ன வேகம், இன்ன அளவு த்ராட்டில், அப்போ இன்ஜெக்டர் இத்தனை மில்லிசெகண்ட் திறக்கணும்னு கட்டம் கட்டமா எழுதி வச்சிருப்பாங்க. அதுக்குப் பேர் மேப். காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இது சுலபமாப் புரியும். தறி மேல இருக்கிற ஜக்கார்டு பெட்டியை நினைச்சுக்குங்க. அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் இழை மேலே தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. டிசைன் முழுக்க அட்டையில் இருக்கு. இசியூ மேப்பும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், ஜக்கார்டு அட்டையை நெசவாளர் மாத்தலாம். இந்த அட்டைக்குக் கம்பெனி பூட்டு போட்டிருக்கு.

பிக்கிபேக் பெட்டி அந்தப் பூட்டை உடைக்கிறதில்லை. அட்டைக்கும் துணிக்கும் நடுவுல நின்னு, நாலு இழையை மட்டும் தானே தூக்கிவிடுற ஆள் மாதிரி. இசியூ சொன்ன நேரத்தை விட இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதலாத் திறந்து வைக்கும். இன்னொரு வகை, புகைக்குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரின் சிக்னலை மாத்தி, “இங்கே லீனா இருக்கு, பெட்ரோல் கூட்டு”ன்னு இசியூவையே நம்பவைக்கும். ஜெட் கிட் வித்த அமெரிக்காவின் டைனோஜெட்தான் பவர் கமாண்டர்னு ஒரு பெட்டியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிச்சு. நம்ம பக்கம் பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ், பவர்ட்ரானிக், ஃபியூல்எக்ஸ் பெட்டிகளைக் கொண்டுவந்துச்சு.

வாங்குறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாத்தினா காற்றோட்டம் மாறும். பழைய மேப் பொருந்தாது. காற்றில் குளிர்ற ஒத்தை சிலிண்டர் இன்ஜின், சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்னா தொடை பொசுங்கும்.

ஆனா கம்பெனி ஏன் 14.7-ஐக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருக்கு? கஞ்சத்தனம் இல்லை. சைலன்சருக்குள்ளே இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அந்த அளவை ஒட்டின ரொம்பக் குறுகலான இடத்தில்தான் மூணு நச்சுவாயுவையும் ஒண்ணாச் சுத்தம் பண்ணும். ரிச் ஆக்கினா கார்பன் மோனாக்சைடு சுத்தமாகாம வெளியே வரும். பெட்டி கொடுக்கிற சுகத்துக்கான விலையை, பின்னாடி நிக்கிற சைக்கிள்காரரும், திண்ணையில உட்கார்ந்து இழை எடுக்கிற அம்மாவும் கொடுக்கிறாங்க. புகைச் சான்றிதழ் சோதனையில் வண்டியை நிறுத்தி ஐடிலில்தான் பார்க்கிறாங்க. ஓடும்போது மட்டும் ரிச் ஆக்குற பெட்டி அதில் மாட்டாது.

சட்டமும் இந்த விஷயத்தில் கறார்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பத்தி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறா வண்டியை மாத்த முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாம மாத்துற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டும்னு வந்துச்சு.

கதை இதோட முடியலை. இப்போ பம்பில் கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் காற்று குறைவாப் போதும், 9 பங்கு. அதனால கலந்த பெட்ரோலுக்குச் சரியான அளவே 14.7-லிருந்து சுமார் 13.5-க்கு இறங்கிடுது. சென்சார் இருக்கிற புது வண்டி பெருமளவு தானே திருத்திக்கும். பழைய கார்புரேட்டர் புல்லட்டுக்கு அது தெரியாது. பழைய ஜெட்டோடயே லீனா ஓடி, கூடுதலாச் சூடாகும். இதுக்குப் பெட்டி தேவையில்லை. ஜெட்டை மாத்தி, பிளக்கைப் பார்த்து, ஸ்க்ரூவைத் திருப்பத் தெரிஞ்ச ஆள்தான் தேவை.

அதனால என் முடிவு இது. கலவையைத் தொடற உரிமையை முழுசாக் கம்பெனிக்கே பூட்டி வைக்கிறதும் சரியில்லை, அளந்து பார்க்காம யாரும் தொடலாம்ங்கிறதும் சரியில்லை. பழைய மெக்கானிக் தொட்டார், ஆனா தொட்ட கையோட பிளக்கைக் கழட்டிப் பார்த்தார். இன்னைக்கு அந்த பிளக்கின் இடத்தில் வரவேண்டியது ஓடும் வண்டியின் புகையை அளக்குற கருவி. அது தெருமுனை ஒர்க்‌ஷாப் வரைக்கும் வந்தாத்தான், இந்தப் பெட்டி நல்லதா கெட்டதான்னு நேர்மையாப் பேச முடியும்.

உங்க ஊர் மெக்கானிக் கிட்ட எத்தனால் பெட்ரோல் பத்திக் கேட்டுப் பாருங்க. சொன்னதை எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.