ஓரியின் அம்பும் ட்ரோனின் கூடும்

1856ஆம் ஆண்டு மார்ச் 3. கல்கத்தா கிராண்ட்ஸ் சந்தில் 7ஆம் எண் வீட்டில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் எஞ்சினியர் அரசாங்கத்துக்கு ஒரு மனு போட்டார். திறமையாகப் பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன், அதற்கான தனியுரிமையை எனக்குத் தர வேண்டும் என்பது மனுவின் சாரம். துரைமார் தலைக்கு மேல் தொங்கும் துணி விசிறிதான் பங்கா. அதன் கயிற்றை ஓர் ஆள் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மனுவுக்கு நாலு நாள் முன்னால்தான், பிப்ரவரி 28ஆம் தேதி, அந்தத் தனியுரிமைச் சட்டமே வந்திருந்தது. செப்டம்பர் 2ஆம் தேதி படங்களோடு விவரக் குறிப்பையும் கொடுத்தார். இந்தியக் காப்புரிமைகளின் கணக்கு அங்கே தொடங்குகிறது. இங்கிலாந்து அரசியின் ஒப்புதலை முன்கூட்டி வாங்காமல் போட்ட சட்டம் என்பதால் மறு ஆண்டே அது ரத்தாகி, 1859இல் புதுச்சட்டம் வந்தது தனிக்கதை.

ஆள் கை செய்யும் வேலையை இயந்திரத்துக்கு மாற்றுவது என்ற அந்த முதல் மனுவின் ஆசை இன்றும் தீரவில்லை. இப்போது காப்புரிமை அலுவலகங்களின் மேசைக்கு வருகிறவற்றில் ஒன்று, ட்ரோன் தானாக வந்து இறங்கி, தானாகவே சார்ஜ் ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்பிப்போகும் தங்குமேடை. பறவைக்குக் கூடு மாதிரி. பக்கத்தில் ஆள் நின்று பேட்டரி மாற்ற வேண்டியதில்லை.

இதெல்லாம் நகரத்துச் சமாசாரம் என்று தோன்றலாம். கொல்லிமலையை வைத்து யோசித்தால் அப்படித் தோன்றாது. மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அரியூர் நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் ஊர்கள். காக்கை பறக்கும் தூரம் கொஞ்சம்தான், வண்டி போகும் தூரமோ பல மடங்கு. அவசர மருந்து, ரத்த மாதிரி, மிளகுத் தோட்டக் கண்காணிப்பு என்று ட்ரோனுக்கு இங்கே வேலை உண்டு. ஆனால் சாதாரண நாலு விசிறி ட்ரோன் இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் தாங்காது. வழியில் இளைப்பாற இடம் இல்லையென்றால் போன ட்ரோன் திரும்பாது. ஆக, மலைநாட்டுக்கு ட்ரோனைவிட அதன் கூடுதான் முக்கியம்.

அந்தக் கூட்டுக்கு ஐந்து வேலைகள். முதலாவது, வழிகாட்டுவது. ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், அதனால் கடைசி நேரத்தில் விளக்கையோ தரையில் வரைந்த குறியையோ கேமரா பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கோணலாக இறங்கியதை நடுவுக்குத் தள்ளுவது. மூன்றாவது, காற்று அடித்துப் போகாமல் பிடித்துக்கொள்வது. நான்காவது, சார்ஜ் ஏற்றுவது. ஐந்தாவது, மழை பனியிலிருந்து மூடிக் காப்பது. உலகக் காப்புரிமை அலுவலகங்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டில் ஆளில்லா விமானங்களுக்கென்றே 'பி64யூ' என்ற தனிப்பிரிவு 2023 ஜனவரியில் வந்தது. அதில் மேடைக்கு வழிகாட்டுதல், நடுவில் நிறுத்துதல், பிடித்துவைத்தல், தரையில் சார்ஜ் ஏற்றுதல், பேட்டரி மாற்றுதல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை உண்டு. பரிசோதகர் முதலில் போய்த் துழாவுவது அந்த அறைகளைத்தான்.

துழாவினால் என்ன கிடைக்கும்? எல்லாமே பழசு. 1911 ஜனவரி 18இல் யூஜீன் எலி என்ற அமெரிக்க விமானி சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா போர்க்கப்பலின் மேடையில் விமானத்தை இறக்கினார். மேடைக்குக் குறுக்கே, இரு முனையிலும் மணல் மூட்டை கட்டிய கயிறுகள். விமானத்தின் கொக்கிகள் அவற்றைக் கவ்வி இழுக்க, விமானம் நின்றது. சின்ன மேடையில் இறங்குவதைப் பிடித்து நிறுத்தும் யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றும் தத்துவம் 1831இல் ஃபாரடே கண்ட மின்தூண்டல். காந்தமும் மூடியும் புனலும் நம்ம வீட்டிலேயே இருக்கின்றன. அப்படியானால் எது கண்டுபிடிப்பு?

இந்தக் கேள்விக்கு இந்திய நீதிமன்றம் சொன்ன பிரபலமான பதில் விமானத்தைப் பற்றியதல்ல, பித்தளைப் பாத்திரத்தைப் பற்றியது. மிர்சாப்பூரில் பாத்திரங்களைக் கடைசலில் பிடித்து மெருகேற்றுவார்கள். சுழலும்போது பாத்திரம் பிய்த்துக்கொண்டு பறந்து தொழிலாளிக்கு அடிபடும். பாத்திரத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951இல் விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்கியது. அதே ஊரின் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனத்தோடு வழக்கு வந்தது. ஒரு நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார், மேல்முறையீட்டு அமர்வு அதைக் காப்பாற்றியது, கடைசியில் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி ரத்து செய்தது. தெரிந்த கருவியில் பட்டறைக்காரன் எவனும் செய்யக்கூடிய சிறு மாற்றம் கண்டுபிடிப்பாகாது என்றது. அன்றைய சட்டப்படி காப்புரிமையின் வழக்கமான ஆயுள் 16 ஆண்டு. நியாயம் கிடைக்க 27 ஆண்டு. முதல் மேசையிலேயே பரிசோதகர் சரியாகக் கேட்க வேண்டியதை நீதிமன்றத்துக்கு விட்டால் என்ன விலை என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

இன்றைய சட்டத்தில் இதற்கென்றே பிரிவு 3(எஃப்) இருக்கிறது. தெரிந்த கருவிகள் தத்தம் வேலையைத் தெரிந்த விதத்திலேயே தனித்தனியாகச் செய்துகொண்டிருக்க, அவற்றை வெறுமே அடுக்கிவைத்தால் அது கண்டுபிடிப்பல்ல. கொல்லிமலைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. ஐந்து அம்பால் ஐந்து விலங்கை வீழ்த்தியிருந்தால் யாரும் பாடியிருக்க மாட்டார்கள். தங்குமேடையும் அப்படித்தான். காந்தம், மூடி, கம்பிச்சுருள் என்று ஐந்து அம்பு வைத்திருந்தால் போதாது. உதாரணத்துக்கு, ட்ரோனை நடுவுக்குத் தள்ளும் அதே தண்டே இறுகிப் பிடித்து, அந்த உராய்விலேயே மலைப்பனியின் ஈரத்தைத் துடைத்து, மின்சாரத்தையும் கடத்துகிறது என்று ஒருவர் எழுதினால், பரிசோதகர் நிமிர்ந்து உட்காருவார். அதுவும் வேறெங்கும் முன்பே இல்லையென்றால், துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாது என்றால்தான் தேறும்.

சரி, கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன? ரைட் சகோதரர்களுக்கு 1906இல் கிடைத்த காப்புரிமை விமானத்தைத் திருப்பும் முறையையே பரவலாக வளைத்துக்கொண்டது. கர்டிஸோடு ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 1917இல் போர் வந்து, அரசின் நெருக்குதலில் எல்லோரும் காப்புரிமைகளைப் பொதுவில் வைத்த பிறகுதான் அமெரிக்க விமானத் தொழில் மூச்சுவிட்டது. 2016 ஜூலையில் அமேசானுக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. தெருவிளக்குக் கம்பம், செல்போன் கோபுரம், தேவாலயக் கோபுரம் போன்றவற்றின் மேல் ட்ரோன் தங்கிச் சார்ஜ் ஏற்றும் நிலையங்கள். உரிமைக்கோரலின் ஒவ்வொரு சொல்லும் வேலி. வேலி ஒரு முழம் தள்ளிப் போடப்பட்டால் ஊர்ப் பொதுநிலம் உள்ளே போய்விடும்.

இந்த வேலியைப் பற்றிக் கவலைப்பட்டவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால ஐயங்கார். 1959இல் அவர் கொடுத்த அறிக்கையில், இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டார் கையில், அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே தொழிலாகவே நடக்கவில்லை என்று காட்டினார். உரிமை அவர்களுக்கு, தொழில் யாருக்கும் இல்லை. அந்த அறிக்கைதான் 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளம்.

அரியூர் நாட்டிலிருந்து பொறியியல் படிக்கப்போகும் பிள்ளைக்கு இதில் இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று, காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் வாங்கிய உரிமை கொல்லிமலையில் செல்லாது. இங்கேயும் உரிய காலத்தில் விண்ணப்பித்திருக்கிறார்களா என்று பதிவேட்டில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் அந்த விவரக் குறிப்பைப் படித்துத் தாராளமாகச் செய்யலாம். இரண்டு, விண்ணப்பங்கள் சாதாரணமாகப் பதினெட்டு மாதம் கழித்து வெளியாகும். வெளியானபின், உரிமை கொடுபடும் முன், 'இது பழசு, இதோ ஆதாரம்' என்று யார் வேண்டுமானாலும் எழுதி எதிர்க்கலாம். பிரிவு 25 அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தென்மாநிலங்களின் விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது.

பரிசோதகரின் 'இதில் புதுசு என்ன?' என்ற கேள்வியைக் கண்டுபிடிப்பாளருக்குப் போடும் முட்டுக்கட்டை என்று நினைக்கிறோம். இனிமேல் கண்டுபிடிக்கப்போகிறவனுக்காக அவர் கேட்கிற கேள்வி அது.