எதிரிணைகள்: பகையும் பிணைப்பும்

ஒளியும் இருளும், இன்பமும் துன்பமும் என உலகை இரண்டிரண்டாகப் பகுத்துக் காண்பது மிகப் பழைய சிந்தனை முறை. ஆயினும், பகுத்த இரண்டையும் எல்லா மரபினரும் ஒரே வகையில் நிறுத்தவில்லை. சிலர் ஒன்றை மேலாகவும் மற்றொன்றைக் கீழாகவும் வைத்தனர்; சிலர் ஒன்றின்றி மற்றொன்று இல்லை என்றனர்.

முதல் வகைக்குப் பித்தாகரஸ் மரபினர் சான்றாவர். அவர்களுள் ஒரு சாரார் பத்து எதிரிணைகளை வகுத்தனர் என அரிஸ்டாட்டில் தம் மெட்டாபிசிக்ஸ் நூலில் குறிக்கிறார். எல்லை–எல்லையின்மை, ஒற்றை–இரட்டை, ஒன்று–பல, வலம்–இடம், ஆண்–பெண், நிலைத்தல்–அசைதல், நேர்–வளைவு, ஒளி–இருள், நன்று–தீது, சதுரம்–நீள்சதுரம் என்பன அவை. இணை இணையாகப் படித்தால் இப்பட்டியலில் குறை தோன்றாது. மேலிருந்து கீழாகப் படித்தால், ஆண், ஒளி, நன்று ஆகியன ஒரு நிரலிலும், பெண், இருள், தீது ஆகியன மறுநிரலிலும் நிற்பது புலப்படும். வாதம் ஏதுமின்றி, சொற்களை அடுக்கிய முறையே தீர்ப்பாகிவிடுகிறது.

கி.மு. 500ஐ ஒட்டி எபேசஸ் நகரில் வாழ்ந்த ஹெராக்ளிட்டஸ் வேறு வழியில் சென்றார். அவர் காட்டிய சான்றுகள் வில்லும் யாழும். எதிரெதிர் இழுப்பு இருக்கும்வரையே வில் எய்யும்; யாழ் இசைக்கும். இழுப்புத் தளர்ந்தால் இரண்டும் வெறும் மரமும் நரம்புமே.

சீனச் சிந்தனையின் இன், யாங் என்னும் சொற்கள் தொடக்கத்தில் மலையின் நிழற்சாரலையும் வெயிற்சாரலையும் குறித்தன. ஒரு சாரலை நீக்கி மற்றதை மட்டும் நிறுத்த இயலாது. எனினும், ஹான் பேரரசுக் காலச் சிந்தனையாளர் சிலர் யாங்கை உயர்த்தி, இன்னைத் தாழ்த்தி, ஆண் பெண் நிலையையும் அவ்வாறே வகுத்தனர். ஆகவே, இணையாக நிறுத்துவதனாலேயே சமன்மை வந்துவிடாது.

தமிழ் மரபில் தொல்காப்பியச் செய்யுளியல், மோனை, எதுகையோடு முரணையும் தொடையாக எண்ணுகிறது. இது மெய்யியற் கோட்பாடு அன்று, யாப்பிலக்கணம். ஆயினும், மாறுபடும் சொல்லும் பொருளும் செய்யுளைத் தொடுக்கும் நாராகலாம் என்னும் தெளிவு அதில் உண்டு.

இன்றைய வகுப்பறையிலும் எதிர்ச்சொற்பட்டியல் இருக்கிறது. நன்மையும் தீமையும் ஒன்றையொன்று விலக்குவன. வாங்குதலும் விற்றலும் ஒன்றின்றி மற்றொன்று நிகழாதன. ஆணும் பெண்ணும் இவ்விரு வகையிலும் அடங்கார். மூன்றையும் ஒரே நிரலில் எழுதினால், மாணவர் மூன்றையும் ஒரே உறவாகவே கொள்வர். பட்டியலைக் கரும்பலகையில் எழுதுமுன், மேலிருந்து கீழாகவும் ஒருமுறை படித்துப் பார்ப்பது ஆசிரியர் கடன்.